கற்றலும் மதிப்பெண்ணும்
(பல்கலைக்கழக இயற்பியல் முதற்பாடத்தின் வரலாறு பற்றியதோர் ஆய்வு)

முன்னுரை

நூல் கற்பிக்கும் முறையையும் அதனைக் கொள்ளும் முறையையும் நூலின் முகப்பிலேயே வைத்து உரைப்பது தமிழ் இலக்கண மரபு. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பொதுப்பாயிரத்துள் நூல், ஆசிரியன், கற்பிக்கும் திறன், மாணாக்கன், கற்கும் முறை என்னும் ஐந்தினையும் வகுத்து உரைக்கின்றார். மாணாக்கரை முதல், இடை, கடை எனத் தரம் பிரித்து, அன்னமும் ஆவும், மண்ணும் கிளியும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் என உவமையும் காட்டுகின்றார். ஆயின், ஒரு மாணாக்கன் அன்னமா நெய்யரியா என்பதனை எங்ஙனம் அளந்தறிவது என்னும் வினாவினை அவர் எழுப்பினாரல்லர். ஆசிரியனும் மாணாக்கனும் பல்லாண்டு உடனுறைந்து பழகிய கல்வி முறையில் அவ்வினா எழுதற்கே இடமில்லை. இருநூறு முந்நூறு மாணவர் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கேட்க, அவருள் பெரும்பாலோர் பெயரையும் ஆசிரியர் அறியாத நிலை தோன்றிய பின்னரே அளவுகோல் தேவையாயிற்று. அவ்வளவுகோலுக்கு நாம் இட்ட பெயர் மதிப்பெண் என்பது.

மதிப்பெண் எதனை அளக்கின்றது என்பதனை ஒரு பாடத்தின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இயற்பியலின் முதற்பாடத்தினைத் தேர்ந்துகொண்டோம். பௌதிகம் என நம் முன்னோரும் இயற்பியல் என இன்று நாமும் வழங்கும் அத்துறையில், முதலாண்டு மாணவர் பயிலும் இயக்கவியல், மின்னியல், காந்தவியல் ஆகியவற்றின் தொகுதியே முதற்பாடம் எனப்படும். மொழித்துறை ஆசிரியர் இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இலக்கிய விடைத்தாளை மதிப்பிடுதல் அவரவர் சுவைக்கு ஏற்ப வேறுபடும் என்பதும், கணக்கு வழிப்பட்ட துறைகளில் விடை சரி அல்லது தவறு என்பதால் மதிப்பிடுதல் எளிது என்பதும் பலர் கருத்து. அக்கருத்து எத்துணை உண்மை என்பதனை இவ்வரலாறு காட்டும்.

1. வரிசை காணும் தேர்வு

எழுத்துத் தேர்வின் மேலைநாட்டு வரலாற்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வு தனியிடம் பெறுவது. டிரைப்போஸ் எனப் பெயர் பெற்ற அத்தேர்வு பெயரளவில் கணிதமேயாயினும், இயக்கவியல், ஒளியியல், வானியல் ஆகியன அதனுள் அடங்கியமையின் இயற்பியல் தேர்வுமாக இருந்தது. தொடக்கத்தில் இலத்தீன் மொழியில் வாதம் செய்து தகுதியை நாட்டும் வழக்கமே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது படிப்படியாக எழுத்துத் தேர்வாக மாறிற்று. வாதத்தில் ஒருவன் மற்றொருவனை வென்றான் எனலாம். நூற்றுவரை ஒரே நிரலில் நிறுத்தல் இயலாது. எழுத்துத் தேர்வோ அதனை இயல்வதாக்கிற்று. முதல் வகுப்பில் தேறியோர் ராங்ளர் எனப்பட்டனர். அவருள் முதல்வர் சீனியர் ராங்ளர் எனப் போற்றப்பட்டார்.

நிரல் தோன்றவே, நிரலில் முன்னிற்கப் பயிற்றும் தொழிலும் தோன்றிற்று. பல்கலைக்கழக விரிவுரையினும் தனிப்பயிற்சி ஆசிரியரின் அறையே மாணவர்க்குக் கல்விக்கூடமாயிற்று. எட்வர்டு ரவுத் என்பார் அவ்வாசிரியருள் தலைசிறந்தவர்; அவரிடம் பயின்றோருள் சீனியர் ராங்ளர் ஆனோர் இருபதின் மேற்பட்டோர். அவரே 1854ஆம் ஆண்டில் சீனியர் ராங்ளராக வந்தவர். அவ்வாண்டில் அவர்க்கு அடுத்து இரண்டாம் இடத்தில் நின்றவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்னையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே கொள்கையுள் அடக்கிக் காட்டியவர் மாக்ஸ்வெல் என்பதனை உலகு அறியும். வில்லியம் தாம்சன் என்னும் கெல்வின் பிரபு 1845இலும், எலக்ட்ரானைக் கண்ட ஜே. ஜே. தாம்சன் 1880இலும் இரண்டாம் இடத்தையே பெற்றனர். இரண்டாம் இடம் இழிவன்று. மூவரும் அத்தேர்வில் உயர்ந்தே நின்றனர். எனினும், முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைப்பட்ட சில மதிப்பெண்கள் எவ்வறிவின் வேறுபாட்டைக் குறித்தன என்னும் வினாவிற்கு இந்நிரல் விடை தரவில்லை. விரைவும் பயிற்சியும் அங்கு அளக்கப்பட்டன; புதியது காணும் ஆற்றல் அளக்கப்படவில்லை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 1871இல் மாக்ஸ்வெல் கேம்பிரிட்ஜின் செய்முறை இயற்பியற் பேராசிரியராக அமர்ந்தார். 1874இல் காவண்டிஷ் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. செய்முறைக்கு அங்கு இடம் கிடைத்தும், கணிதத் தேர்வின் நிரலில் புகழ் தேடிய மாணவரை அது உடனே ஈர்த்துவிடவில்லை. தேர்வு கேளாத ஒன்றனை மாணவன் விரும்பிக் கற்றல் அரிது. அந்நிரலை எதிர்த்து அறிஞர் பலர் வழக்காடினர். கணித மேதை ஜி. எச். ஹார்டி அவருள் ஒருவர். 1909ஆம் ஆண்டோடு தகுதி நிரல் கைவிடப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டின் மேல் நிலைத்த ஒரு வழக்கு இங்ஙனம் முடிந்தது.

2. பயிற்றுவோரும் தேர்வோரும்

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவ்வரலாற்றில் மற்றொரு கிளையைச் சார்ந்தவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. அது தொடக்கத்தில் பாடம் நடத்திய நிறுவனமன்று. பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிய நிறுவனமாகும். பாடம் கல்லூரிகளில் நடைபெற்றது. பயிற்றுவோர் ஓரிடத்தும் தேர்வோர் மற்றோரிடத்துமாக அமைந்த இம்முறையில் நடுவுநிலைமை என்னும் நன்மை உண்டு. ஆசிரியரின் விருப்பு வெறுப்பு மதிப்பெண்ணிற் புகுதற்கு வழி குறைவு. ஆனால், ஆசிரியர் புதியதொரு முறையில் கற்பிக்க விழைந்தாலும், வினாத்தாள் அவர் கையில் இன்மையால் அவ்விழைவு வகுப்பறையிலேயே அடங்கிவிடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிலை வேறு. அங்குப் பாடம் நடத்துபவரே வினாத்தாள் அமைப்பர், அவரே மதிப்பிடுவர், எத்துணை மதிப்பெண்ணுக்கு எத்தரம் என்பதனையும் அவரே அறுதியிடுவர். ஆதலின், கற்பித்தலை மாற்ற விரும்பிய ஓராசிரியர் தேர்வையும் உடன் மாற்றுதல் அங்கு இயன்றது. இயற்பியல் முதற்பாடத்தில் பெருமாற்றங்கள் அங்கு மிகுதியாக நிகழ்ந்தமைக்கு இவ்வுரிமை ஒரு காரணம் எனல் பொருந்தும்.

3. எழுத்துத் தரமும் வளைகோடும்

ஏ, பி, சி எனத் தரம் குறிக்கும் வழக்கு மிகப் பழையதன்று. மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1897இல் வகுத்த அளவு இதற்கு நல்ல சான்று. நூற்றுக்கு 95 முதல் 100 வரை ஏ. 85 முதல் 94 வரை பி. 76 முதல் 84 வரை சி. 75 பெற்றோர் டி. அதற்குக் கீழ்ப்பட்டோர் ஈ, அஃதாவது தவறியோர். இவ்வளவுகோல் வரையறுத்தது, முன்னரே அறிவிக்கப்படுவது. மாணவர் அனைவரும் 95 பெறின் அனைவருக்கும் ஏ உண்டு.

ஆயின், 95 என்பது யாது? ஓராசிரியர் 95 இடும் தாளுக்கு மற்றோராசிரியர் எத்துணை இடுவர்? இதனை ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912, 1913ஆம் ஆண்டுகளில் சோதித்தனர். ஒரே விடைத்தாளின் படிகளைப் பள்ளி ஆசிரியர் பலர்க்கு அனுப்பி மதிப்பிடச் செய்தனர். முதலில் ஆங்கிலத் தாள்களை அனுப்பினர். மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டன. மொழிப்பாடத்தின் இயல்பு அது என்றனர் சிலர். அடுத்து வடிவக்கணிதத் தாள் அனுப்பப்பட்டது. ஒரே தாளுக்கு 30க்குக் கீழிட்டோரும் 90க்கு மேலிட்டோரும் இருந்தனர். வேறுபாடு ஆங்கிலத் தாளினும் மிகுந்தது. வழிமுறைக்கு மதிப்பெண் உண்டா, தூய்மையின்மைக்குக் குறைத்தல் உண்டா, இறுதி விடை தவறின் முழுதும் போமா என்பவற்றில் ஆசிரியர் ஒத்த கருத்தினர் அல்லர் என்பது வெளிப்பட்டது. கணக்கில் மதிப்பிடுதல் எளிது என்னும் எண்ணத்துக்கு ஏற்பட்ட முதல் அடி இது எனலாம்.

இவ்வேறுபாட்டுக்கு மருந்தாக எழுந்ததே வளைகோட்டு முறை. மிசௌரிப் பல்கலைக்கழகத்து மாக்ஸ் மேயர் 1908இலேயே அதனை முன்மொழிந்திருந்தார். மாணவரின் ஆற்றல் இயற்கையில் மணி வடிவ வளைகோட்டில் பரவியிருக்கும். ஆதலின் நடுத்தரத்தோர் பெரும்பான்மையாகவும், மிகச் சிறந்தோரும் தவறியோரும் மிகச் சிலராகவும் அமையத் தரங்களைப் பங்கிடல் வேண்டும் என்பது அவர் கருத்து. கடுமையான ஆசிரியர், தாராளமான ஆசிரியர் என்னும் வேறுபாடு இதனால் ஒழியும். ஆயின் இதன் விளைவு ஆழ்ந்து நோக்கற்பாலது. வளைகோட்டில் ஒருவன் தரம் அவன் அறிந்ததனைப் பொறுத்ததன்று. பக்கத்திருப்போன் அறியாததனைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜில் கைவிடப்பட்ட நிரல் அமெரிக்காவில் வேறு உடையில் மீண்டும் வந்தது. உடன் பயில்வோனுக்குப் பாடம் விளக்கிச் சொல்லுதல் தனக்கே கேடு என மாணவன் எண்ணும்படி செய்த முறை இது.

4. பாடத்தின் உறுப்புகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதற்பாடம் ஒரு நிலையான வடிவம் பெற்றுவிட்டது. அதன் உறுப்புகள் நான்கு. முதலாவது, பெருமண்டபத்தில் வாரம் இருமுறையோ மும்முறையோ நிகழும் விரிவுரை. இரண்டாவது, இருபது பேர் அளவினரான சிறு குழுக்களில் உதவி ஆசிரியர் கணக்குகளைச் செய்துகாட்டும் பயிற்சி வகுப்பு. மூன்றாவது, வாரம் ஒரு முறை ஆய்வுக்கூடச் செய்முறை. நான்காவது, வாரந்தோறும் மாணவர் தாமே செய்து ஒப்படைக்கும் கணக்குத் தொகுதி. பருவத்தின் இடையே ஓரிரு தேர்வுகளும் முடிவில் பெருந்தேர்வும் நிகழும்.

தேர்வில் வருவன பெரும்பாலும் எண் கொடுத்துக் கேட்கும் கணக்குகள். சாய்தளத்தில் வழுக்கும் கட்டை, கப்பியில் தொங்கும் எடை, மின்சுற்றில் ஓடும் மின்னோட்டம் என்பன போல்வன. மாணவன் தக்க வாய்பாட்டைத் தேர்ந்து, எண்களை இட்டு, விடை காண்பான். அவன் வாய்பாட்டின் பொருளை அறிந்தானா, அல்லது அதன் முகத்தை மட்டும் அடையாளம் கண்டானா என்பது தாளிற் புலப்படாது. இவ்வடிவம் ஐயுறப்படாமலே நெடுங்காலம் நின்றது.

5. பெயின்மன் விரிவுரைகள்

இவ்வடிவினுள் விரிவுரையை மட்டும் உச்சத்துக்கு உயர்த்திப் பார்த்த நிகழ்ச்சி 1961 முதல் 1963 வரை கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்தது. புகழ்பெற்ற உயர்நிலைப்பள்ளி மாணவர் பலர் அக்கழகம் சேர்ந்து ஈராண்டு பழைய பாடத்தையே பயின்று ஊக்கம் குன்றுகின்றனர் என்பது ஆசிரியர் கவலை. மாத்யூ சாண்ட்ஸ், இராபர்ட் லெய்ட்டன் முதலியோர் பாடத்தை மாற்ற முனைந்தனர். ரிச்சர்டு பெயின்மன் விரிவுரையாற்ற இசைந்தார். மாணவர் ஏறத்தாழ 180 பேர். வாரம் இரு விரிவுரைகள். பின்னர் 15 முதல் 20 பேர் கொண்ட குழுக்களில் பயிற்சி. வாரம் ஒரு செய்முறை. உறுப்புகள் பழையன, விரிவுரையின் உள்ளடக்கமே புதியது.

அவ்விரிவுரைகள் பின்னர் மூன்று தொகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் ஆசிரியர்களின் கைநூலாயின. ஆயின், 1963 ஜூனில் எழுதிய முன்னுரையில் பெயின்மனே தம் முயற்சியை வெற்றி என மதிக்கவில்லை. தேர்வுகளில் மாணவருள் பெரும்பாலோர் கணக்குகளைக் கையாண்ட முறையை நோக்குங்கால் இம்முயற்சி தோல்வியே எனத் தமக்குத் தோன்றுவதாகவும், ஏறத்தாழ எல்லாவற்றையும் விளங்கிக்கொண்ட மாணவரும் ஒன்று அல்லது இரண்டு டஜன் அளவில் இருந்தனர் எனவும் அவர் குறித்தார். விரிவுரையால் மட்டும் கல்வி நிகழாது. ஆசிரியனும் மாணவனும் நேரே கூடி ஆராய்தலே சிறந்தது என்பதும் அவர் முடிபு.

இம்முன்னுரையை எங்ஙனம் கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குட்ஸ்டீன், நியூகெபாவர் ஆகிய இருவர் 1989இல் எழுதிய சிறப்பு முன்னுரையில், முதலாண்டு மாணவர் படிப்படியாக வருகை குறைத்தனர் எனவும், ஆசிரியரும் மேற்பட்டப் படிப்பினரும் அவ்விடத்தை நிரப்பினர் எனவும் எழுதினர். பாடத்தை முன்னின்று அமைத்த சாண்ட்ஸ் பிற்காலத்து எழுதிய நினைவுக் குறிப்பில் இதனை மறுத்தார். நிகழ்ச்சியில் நேர்நின்றவர் கூற்று என்னும் வகையில் சாண்ட்ஸின் மறுப்பு வலியுடையது. எனினும், தாம் அமைத்ததனைத் தாமே மதிப்பிடும் நிலையினர் அவர் என்பதனையும் மறத்தலாகாது. வருகை பற்றிய வழக்கு எவ்வாறாயினும், பெயின்மனின் மனக்குறை வருகையைப் பற்றியதன்று; தேர்வுத் தாளைப் பற்றியது. அதில் ஐயமில்லை.

தேர்வுக்கு முன் அவர் ஆற்றிய மீள்பார்வை விரிவுரைகளுள் ஒன்று இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. அது வகுப்பில் பின்தங்கியோரை நோக்கியது. பள்ளியில் ஒவ்வொருவரும் முதல் மாணவராக இருந்தவரே. அத்தகையோரை ஓரிடத்துக் கூட்டியபின், அவருள் பாதியினர் நடுவுக்குக் கீழ் நிற்றல் தவிர்க்கவியலாத எண்கணக்கு. அதனை அறிவின் குறையாகக் கொண்டு மனம் உடைதல் வேண்டா என்பது அதன் சாரம். நிரல் என்னும் அளவுகோலின் குறையை இத்துணைத் தெளிவாகவும் பரிவோடும் மாணவர்க்கு எடுத்துரைத்தவர் சிலரே. ஆயினும் அளவுகோல் மாறவில்லை. விரிவுரை புதிது, தரமிடும் நெறி பழையது.

6. தேர்ச்சி வரும்வரை தேர்வு

அளவுகோலையே மாற்றிய முயற்சி இயற்பியலிலிருந்து எழவில்லை, உளவியலிலிருந்து எழுந்தது. பிரெட் கெல்லர் என்னும் உளவியலறிஞர் பிரேசில் நாட்டில் நண்பர் சிலரொடு கூடி 1964இல் ஒரு முறையை அமைத்தார். 1968இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்படும். மாணவன் தன் வேகத்திற் படித்து ஓர் அலகில் தேர்வு எழுதுவான். முழுத் தேர்ச்சி பெற்றாலன்றி அடுத்த அலகுக்குச் செல்லலாகாது. தவறினால் தண்டமின்றி மீண்டும் எழுதலாம். முன்னரே தேறிய மாணவர் பின்வருவோர்க்குத் துணைநிற்பர்.

இம்முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பென் கிரீன் என்பார் இயற்பியலுக்கு எடுத்தாண்டு, 1971இல் அதன் பயனை வெளியிட்டார். மரபு முறையில் காலம் அனைவர்க்கும் ஒன்று, தேர்ச்சி வேறுபடும். கெல்லர் முறையில் தேர்ச்சி அனைவர்க்கும் ஒன்று, காலம் வேறுபடும். ஆதலின் ஏ தரம் பெறுவோர் மிகுந்தனர். அனைவரும் ஏ பெறின் அத்தரத்துக்கு மதிப்பு யாது என்னும் கேள்வி எழுந்தது. தரம் என்பது கற்றதன் சான்றா, பிறரினும் மேம்பட்டமையின் சான்றா என்னும் பழைய வழக்கே இக்கேள்வியுள் மறைந்துள்ளது. ஒத்திப்போடும் மாணவரின் இயல்பாலும், ஆசிரியரின் உழைப்பு மிகுதியாலும் அம்முறை பின்னர்ப் பெரும்பாலும் வழக்கொழிந்தது.

7. சொல்லும் பொருளும்

அடுத்த மாற்றம் வினாவிலிருந்து பிறந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹல்லூன், ஹெஸ்டினிஸ் ஆகியோர் 1985இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். எண்ணும் வாய்பாடும் இன்றி, அன்றாடச் சொல்லிலேயே இயக்கம் பற்றிய வினாக்களை மாணவர்முன் வைத்தனர். அதன் வழிவந்த விசைக் கருத்துத் தேர்வு 1992இல் ஹெஸ்டினிஸ், வெல்ஸ், சுவாக்ஹாமர் ஆகியோரால் வெளியிடப்பட்டது.

அவ்வினாக்களின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். பெரிய சரக்குந்து ஒன்று சிறிய மகிழுந்து ஒன்றோடு மோதுகின்றது. எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்துகின்றது? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்புவிக்கச் சொன்னால், ஒவ்வொரு வினைக்கும் ஒத்த எதிர்வினை உண்டு எனப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவன், இவ்வினாவிற்குச் சரக்குந்தின் விசையே பெரிது என்கின்றான். மேலே எறியப்பட்ட நாணயம் ஏறும்போது அதன்மேல் எவ்விசை செயற்படுகின்றது எனக் கேட்டால், புவியீர்ப்பு மட்டுமே என்னாது, கை கொடுத்த விசை இன்னும் உடன்செல்கின்றது என்கின்றான். விதி அவன் நாவில் உளது. அவன் உள்ளத்திலோ வகுப்புக்கு முன்னிருந்த கொள்கையே உளது. நால்வேறு ஆசிரியர் நால்வேறு முறையில் நடத்திய மரபு வகுப்புகளிலும் மாணவர் பெற்ற முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பது 1985 ஆய்வின் மற்றொரு முடிபு. நல்ல பேச்சாளரின் வகுப்பும் ஏனையோர் வகுப்பும் இதில் வேறுபடவில்லை.

ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் முதற்பாடம் நடத்திய எரிக் மேசூர் இதனை முதலில் நம்பவில்லை. தம் மாணவர் தேர்வில் கடுங்கணக்குகளைச் செய்பவர். மாணவர் அவர்க்கு வழங்கிய மதிப்பீடும் உயர்ந்தது. இத்தகைய எளிய வினாக்களில் அவர் தவறார் எனக் கருதி அத்தேர்வினை வைத்தார். அப்பொழுது மாணவி ஒருவர் எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக எண்ணுகின்றபடி எழுதுவதா எனக் கேட்டார் என மேசூர் பல இடங்களிற் கூறியுள்ளார். ஒரு பருவம் முழுதும் கேட்ட பாடம் அம்மாணவியின் எண்ணத்தைத் தொடவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் மேசூர் ஒரே தேர்வில் ஒரே பொருள் பற்றி இரு வினாக்கள் வைத்தார். ஒன்று, மின்சுற்று ஒன்றில் சாவியை மூடினால் விளக்குகளின் ஒளி கூடுமா குறையுமா என்பது போன்றது, எண் இல்லாதது. மற்றொன்று, எண்களோடு கூடிய வழக்கமான சுற்றுக் கணக்கு; நோக்குவார்க்குக் கடினமானது. மாணவர் கடினமானதனைச் செய்தனர், எளியதிற் தவறினர். பழைய மதிப்பெண் இதுகாறும் எதனை அளந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. அது வாய்பாட்டைக் கையாளும் பழக்கத்தை அளந்தது, கருத்தை அளக்கவில்லை.

இதனின்று எழுந்ததே மேசூரின் உடன்பயில்வோர் கற்பிக்கும் முறை. மாணவர் நூலைப் படித்துவிட்டு வகுப்புக்கு வருவர். ஆசிரியர் சிறிது பேசி ஒரு கருத்து வினா விடுப்பர். ஒவ்வொருவரும் தனித்து எண்ணி விடை குறிப்பர். பின்னர் அருகிருப்போரொடு வழக்காடுவர். மீண்டும் விடை குறிப்பர். இரண்டாம் முறையில் சரியான விடை பெருகும். இப்பொழுதே உணர்ந்த மாணவன், தான் உணராதிருந்த நிலையை இன்னும் மறவாதிருப்பதால், பக்கத்திருப்போனின் இடர்ப்பாட்டை ஆசிரியரினும் நன்கு அறிகின்றான் என்பது மேசூரின் விளக்கம்.

வரலாற்று நோக்கில் இதனினும் இன்றியமையாதது, அவர் தரமிடும் நெறியையும் உடன் மாற்றியமையாகும். கருத்து வினாக்களைத் தேர்விற் சேர்த்தார். வளைகோட்டை ஒழித்து, முன்னரே அறிவித்த நிலையான அளவினை வைத்தார். உடன் பயில்வோனுக்கு விளக்குவது தன் தரத்தைக் குறைக்குமாயின் எவனும் விளக்கான் என்பதனை அவர் உணர்ந்திருந்தார். பெயின்மன் வகுப்பில் நிகழாதது இங்கு நிகழ்ந்தது. கற்பித்தலும் அளவுகோலும் ஒருங்கே மாறின.

8. சான்றும் எதிர்ப்பும்

இத்தகைய முறைகளின் பயனை ரிச்சர்டு ஹேக் 1998இல் தொகுத்து வெளியிட்டார். 62 வகுப்புகள், 6,542 மாணவர். அவர் கொண்ட அளவு, கற்பதற்கு எஞ்சியிருந்ததில் எத்துணைப் பங்கு கற்கப்பட்டது என்பது. பருவத் தொடக்கத்தில் நூற்றுக்கு 40 பெற்ற வகுப்பு முடிவில் 55 பெறின், எஞ்சிய 60இல் 15 பெற்றது, அஃதாவது 0.25. மரபு முறையில் நடந்த 14 வகுப்புகளின் நடுவளவு 0.23, மாணவர் பங்கேற்ற 48 வகுப்புகளின் நடுவளவு 0.48. ஆசிரியர் தாமே அனுப்பிய தரவுகள் ஆதலின், நற்பயன் கண்டோரே மிகுதியும் அனுப்பியிருத்தல் கூடும் என்னும் தடை ஒன்று உண்டு. அது கொள்ளத்தக்கதே. எனினும், இரண்டு மடங்கான வேறுபாடு அத்தடையொன்றால் நீங்குவதன்று.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் பெல்ச்சர் முதலியோர் 2001இல் மின்காந்தவியல் பாடத்தில் சோதனையாகத் தொடங்கி, 2003இல் முழுப் பாடத்தையும் புது வடிவுக்கு மாற்றினர். விரிவுரை மண்டபத்துக்கு மாறாக வட்ட மேசைகள், மேசைக்கு ஒன்பதின்மர், செய்முறையும் கணக்கும் வினாவும் ஓரிடத்தில். வகுப்பிற் பங்கேற்றலும் மதிப்பெண்ணிற் சேர்ந்தது. தவறுவோர் தொகை குறைந்தது. கருத்துத் தேர்வில் முன்னேற்றம் மிகுந்தது. ஆயினும் 2003இல் மாணவர் பலர் கையெழுத்திட்டுப் பழைய முறையை மீண்டும் வேண்டினர். பயன் பெற்றோரே எதிர்த்தமை புதிராகத் தோன்றலாம். இப்புதிருக்கு 2019இல் ஹார்வர்டில் டெலோரியே முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒருவாறு விடை தருகின்றது. தாமே முயன்று கற்ற வகுப்பில் மாணவர் மிகுதியாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். தெளிந்த விரிவுரையைக் கேட்டோர் குறைவாகக் கற்றிருந்தும், மிகுதியாகக் கற்றதாக உணர்ந்தனர். இனிதாக ஒழுகும் பேச்சு, கேட்போனுக்குத் தானே அறிந்தது போன்ற மயக்கத்தைத் தருகின்றது. இடர்ப்பட்டுக் கற்றல் அறியாமை போலத் தோன்றுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மதிப்பெண் என்னும் ஒரே சொல் இருவேறு பொருளைத் தாங்கி வந்துள்ளது: நிரலில் ஒருவன் இடம், பொருளில் ஒருவன் தேர்ச்சி. கேம்பிரிட்ஜின் நிரலும் வளைகோடும் முன்னதன்பாற்படும். கெல்லரும் மேசூரும் பின்னதன்பாற் சென்றவர். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் விளைந்த இடர்ப்பாடுகள் பல. இரண்டாவது, கற்பித்தலை மட்டும் மாற்றித் தேர்வை மாற்றாத முயற்சி நிலைபெறுவதில்லை. மூன்றாவது, மாணவரின் மனநிறைவும் ஆசிரியரின் சொல்லாற்றலும் கற்றலின் அளவாகா.

ஈண்டு நன்னூலை மீண்டும் நினைத்தல் தகும். ஆசிரியன் உரைத்ததனை நன்கு கேட்டாலும் காற்பங்கே கைவரும். உடன் பயில்வோரொடு பழகக் காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்க எஞ்சிய அரைப்பங்கு எனப் பவணந்தியார் பங்கிட்டார். மேசூரின் முறையை அவர் முன்னரே கண்டார் எனக் கூறுதல் வரலாறாகாது. ஒருவர் பட்டறிவால் உரைத்தார், மற்றவர் அளந்து கண்டார். அவ்வேறுபாடு பெரிது. ஆயினும் அச்சூத்திரத்தை மாணவர்க்கு விளக்கும் நாம், அதனையும் காற்பங்கு முறையிலேயே விளக்குகின்றோம் என்பது எண்ணத்தக்கது.

தமிழ்த்துறையில் பணிபுரிவார்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. ஆகுபெயரின் வகைகளை எடுத்துக்காட்டோடு பிழையின்றி எழுதி முதல் வகுப்பு மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவரிடம், அன்றைய செய்தித்தாளின் ஒரு வரியைக் காட்டி, இதில் ஆகுபெயர் உளதா எனக் கேட்டேன். அவர் நெடுநேரம் நோக்கிவிட்டு, இது பாடத்தில் இல்லை ஐயா என்றார். அம்மதிப்பெண்ணை இட்டவன் நானே. வினாத்தாளில் நான் கேட்டது வகைகளை. அவர் தந்தது வகைகளை. பிழை அவர்பால் இல்லை. சரக்குந்து வினாவிற்குத் தவறான விடை தந்த மாணவனுக்கும் அவர்க்கும் இடையே வேறுபாடு துறையளவினது மட்டுமே.

ஆதலின், நாம் அடுத்த வினாத்தாளை அமைக்கும்போது ஒரு வினாவேனும் மாணவர் முன்பு காணாத தொடரின்மேல் அமையுமாறு செய்தல் நன்று. மதிப்பெண்கள் முதலிற் குறையும், மாணவர் குறைகூறுவர். அக்குறைவு அறிவின் குறைவன்று; இதுகாறும் அளக்கப்படாதிருந்தது இப்பொழுது அளக்கப்படுகின்றது என்பதே அதன் பொருள்.